ஓடாத காரா, ஓடிய காரா?

கேள்வி: அண்ணா, வணக்கம். பத்து வருடமாகச் சேர்த்து இப்போதுதான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். புதுசு கட்டுப்படியாகாது. 2003 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டுமே 2.7 லிட்டர், மேனுவல் கியர். முதலாவது 32,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, மூன்று ஓனர், “ஷெட்டை விட்டு வெளியே எடுத்ததே இல்லை” என்கிறார் விற்பவர், பளபளவென்று இருக்கிறது, பில் எதுவும் இல்லை. இரண்டாவது 1,12,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார், இரண்டு வருடம் முன்பு கிளட்ச் மாற்றியிருக்கிறார், முன் பம்பரில் கல் தெறித்த புள்ளிகள் இருக்கின்றன. முதல் காரின் விலையை 100 என்று வைத்தால் இரண்டாவது 80. நண்பர்கள் எல்லாரும் குறைவாக ஓடியதை எடு என்கிறார்கள். இந்த மாடலில் என்ஜின் திடீரென்று போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்கலாம், எது நியாயமான விலை?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கிலோமீட்டர் இல்லை, அந்த ஃபைல்தான். விற்கிறவர் கையில் ஒரு ஃபைல் இருக்கிறது என்றாலே நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஃபைல் இல்லாமல் “அப்படியே வைத்திருக்கிறேன் சார்” என்று ஆரம்பித்தால் எனக்குக் கை தானாக டார்ச் லைட்டைத் தேடும்.

உங்கள் நண்பர்கள் சொல்வது தினசரி ஓடுகிற சாதாரண காருக்கு ஓரளவு பொருந்தும். இருபது வருடம் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தாது. கார் ஓடினால் தேயும், சரி, ஆனால் நின்றால் காயும், கெட்டிப்படும், துருப்பிடிக்கும், இது பலருக்கு உறைப்பதில்லை. ஆயில் சீல்கள் எல்லாம் ரப்பர், ஆயிலில் நனைந்துகொண்டே இருந்தால்தான் மென்மையாக இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சரக்கு அது, மாற்றாவிட்டால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் உள்ளேயே துருப்பிடித்து இறுகும். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் கெட்டுப்போய் இன்ஜெக்டரில் பசை மாதிரி படியும். வருடத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைக்கிறார்களே, அது இன்னும் மோசம், என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே உண்டான நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடும்.

இதைப் பாடமாகச் சொல்லவில்லை, பணம் கொடுத்துக் கற்றது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே 18,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய ஒரு இரண்டு சீட்டர் காரை, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், மீட்டரைப் பார்த்த மயக்கத்தில் வாங்கினேன். முதல் மாதம் தண்ணீர் பம்ப் ஒழுகியது. அடுத்து பின் காலிப்பர் இரண்டும் பிடித்துக்கொண்டன. அதைச் சரி செய்து முடிப்பதற்குள் பெட்ரோல் ஹோஸ் வெடிப்பு விட்டு ஷெட் முழுக்க வாடை. வெளியே எடுத்து ஓட்டினால் இருபது வருட டயர், ஈர ரோட்டில் சோப்பு மாதிரி வழுக்கியது. கார் மேல் தப்பில்லை, அது நின்றதற்கான வேலை எதையும் யாரும் செய்யாமல், நின்றதற்கான விலையை மட்டும் என்னிடம் வாங்கிவிட்டார்கள்.

சரி, உங்கள் நண்பர்களின் இரண்டாவது பயத்துக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. உங்கள் இரண்டு காரிலும் இருப்பது எம்96 என்கிற என்ஜின். இதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளைச் செயின் மூலம் சுற்றவைக்க நடுவில் ஒரு இடைத்தண்டு உண்டு, இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்பார்கள், அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். ஆரம்ப கால என்ஜின்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன, ஏறத்தாழ 2000-லிருந்து 2005 வரை ஒற்றை வரிசை, அதுதான் பலவீனமானது, உங்கள் 2003 மாடல் அந்தக் காலத்தில்தான் வருகிறது. பேரிங் உடைந்தால் செயின் தடம் மாறும், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும், அப்புறம் என்ஜின் இல்லை. அமெரிக்காவில் இது வழக்கு வரை போய் 2013-இல் சமரசமானது. 2009 மாடலிலிருந்து வந்த புது என்ஜினில் இந்தத் தண்டே கிடையாது. ஆனால் பெரும்பாலான எம்96 என்ஜின்கள் இந்தக் கோளாறு வராமலே ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இணையத்தில் உடைந்தவன்தான் எழுதுவான், ஓடுகிறவன் ஓட்டப் போய்விடுவான்.

இப்போது நன்றாகக் கவனியுங்கள். அந்த பேரிங் இருப்பது என்ஜினின் ஃப்ளைவீல் பக்கம், அதாவது கிளட்ச் ஒட்டியிருக்கும் கனமான சக்கரத்தின் பக்கம். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃப்ளைவீலையும் எடுக்க வேண்டும். அதாவது கிளட்ச் வேலைக்குக் கார் போனால் பாதி வழி அங்கே திறந்துதான் கிடக்கும், விவரம் தெரிந்த மெக்கானிக் அந்த நேரத்திலேயே “பேரிங்கையும் மாற்றிவிடலாமா?” என்று கேட்காமல் விடமாட்டார். உங்கள் இரண்டாவது கார்க்காரர் இரண்டு வருடம் முன்பு கிளட்ச் மாற்றியிருக்கிறார். அந்த பில்லில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் என்ற வரிகளுக்குக் கீழே இடைத்தண்டு பேரிங் என்று ஒரு வரி இருந்தால், உங்கள் நண்பர்கள் சொல்லும் பயத்தில் பெரும்பகுதி 80 கேட்கிற காரில் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. 100 கேட்கிற காரில் அந்தப் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பேரிங்குக்குள் அடைத்து வந்த கிரீஸ் காலப்போக்கில் கழுவிப் போய், அழுக்கு ஆயில் உள்ளே தேங்கி நிற்கும், அடிக்கடி ஓடி அடிக்கடி ஆயில் மாற்றிய கார்களைவிட நின்று கிடந்த கார்களில்தான் பேரிங் மோசமாக இருக்கிறது என்பது இந்த என்ஜின்களைப் பிரிக்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது. என் அனுபவமும் அதுதான்.

பில்லில் அந்த வரி இல்லாவிட்டாலும் இடிந்துபோக வேண்டாம். ஆயில் ஃபில்டர் இருக்கிறது. இந்த என்ஜினில் அது தகர டப்பா இல்லை, பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம். காரை லிஃப்டில் ஏற்றி, கிண்ணத்தைக் கழற்றி, அந்த மடிப்புகளை விசிறி மாதிரி விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக ஆயில் மட்டும் இருந்தால் நிம்மதி. கறுப்பு, பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் செயின் உரசும் கைடு தேய்கிறது, உடனே ஆபத்தில்லை, ஆனால் குறித்துக்கொள்ள வேண்டும். ஜரிகைத் தூள் மாதிரி மினுக்கினால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் இரும்பு, பேரிங் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அந்த என்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். இந்தச் சோதனைக்கு ஒரு புது ஃபில்டரும் ஆயிலும் செலவாகும், அதை நீங்களே கொடுத்துவிடுங்கள், விற்பவரிடம் கேட்க வேண்டாம்.

அடுத்து, மீட்டர் சொல்லும் 32,000 உண்மையா என்ற கேள்வி. டிஜிட்டல் ஓடோமீட்டரை மாற்ற அரை மணி நேரம் போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் காரின் என்ஜின் கம்ப்யூட்டர் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கும், என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று. போர்ஷேக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அதைப் படித்துச் சொல்வார். கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 32,000 கிலோமீட்டருக்கு 700 மணி நேரம் என்றால் சராசரி 46 கிலோமீட்டர் வேகம், நம்பலாம். அதே 32,000-க்கு 1,900 மணி நேரம் காட்டினால் மணிக்கு 17 கிலோமீட்டர் கூட வரவில்லை. இருபது வருடமும் நெரிசலில் நின்றே ஓடியதா, இல்லை முன்னால் ஒரு இலக்கம் காணாமல் போனதா என்று விற்பவரிடமே கேளுங்கள். பதிலைவிட அவர் முகம் நிறையச் சொல்லும்.

அதே ஸ்கேனரில் இன்னொன்றும் வரும். என்ஜின் எல்லை மீறிச் சுற்றியதை இரண்டு கட்டமாக எண்ணி வைத்திருக்கும். முதல் கட்டம் ஆக்சிலரேட்டரை அழுத்தி, என்ஜின் சுற்றுக்கு எல்லை போடும் லிமிட்டரைத் தொட்டது, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இரண்டாவது கட்டம்தான் விஷயம், ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து இரண்டாவதில் தள்ளுகிறார்களே, அப்போது சக்கரமே என்ஜினைப் பிடித்துச் சுற்றும், எந்த லிமிட்டராலும் தடுக்க முடியாது. அது எத்தனை முறை, கடைசியாக எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பது வரை பதிவு இருக்கும். ஆயிரம் மணி நேரம் முன்னால் நடந்து அப்புறம் ஒன்றும் ஆகாமல் ஓடியிருந்தால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். போன மாதம் என்றால் வேண்டாம்.

காரைப் பார்க்கப் போகும்போது சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள். பாக்ஸ்டரில் திறந்து என்ஜினைப் பார்க்கிற மாதிரி பானெட் கிடையாது, என்ஜின் சீட்டுக்குப் பின்னால் படுத்திருக்கிறது, பின் டிக்கியில் ஆயில் ஊற்றும் மூடியும் கூலன்ட் மூடியும் மட்டும்தான் எட்டும். அதனால் சைலன்சர் வாயில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார், அன்றைக்கு டீ மட்டும் குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிடுங்கள். ஆறிய என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு சின்னப் புகைக் கொத்து வந்து சில விநாடியில் மறைந்தால் பயப்படாதீர்கள், சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருக்கும் என்ஜினில் ஆயில் கொஞ்சம் சிலிண்டருக்குள் கசிந்து நிற்பது சகஜம். தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செபரேட்டர் கிழிந்திருக்கிறது, அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். சூடேறிய பிறகும் நீலப் புகை தொடர்ந்தால் விஷயம் வேறு.

அப்புறம் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் விரலை வையுங்கள். ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட் டாங்க் வெடிப்பு விட்டிருக்கிறது, இந்த மாடலில் அடிக்கடி நடப்பது. முன் பம்பரின் இரண்டு பக்க ஓட்டைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், ரேடியேட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன, வருடக்கணக்கில் இலையும் குப்பையும் அடைந்து ஈரம் தேங்கி, முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் அரித்துப் போயிருக்கும். ஷெட்டிலேயே இருந்த காரில் இலை எப்படி வந்தது என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்! துணிக் கூரையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தினால் ஓரத்தில் தண்ணீர் இறங்கும் துவாரங்கள் தெரியும், அவை அடைத்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியில் போய் நிற்கும், அங்கேதான் சாவியை அடையாளம் காணும் எலக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது, செலவும் சின்னதாக இருக்காது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவ வெட்கப்படாதீர்கள்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 1811 என்றால் 2011-ஆம் வருடத்தின் 18-ஆவது வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அப்புறம், பத்து வருடம் தாண்டிய டயர் என்றால் நான்கும் குப்பைக்கு. நான்கு சக்கரத்திலும் நான்கு வேறு வேறு மலிவு பிராண்ட் டயர் இருந்தால் அந்த ஓனர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னென்ன மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயின்டின் கனம் அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கும், கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் சுற்றி இருக்கும், ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்தது, ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி. கதவு, பானெட் கீல்களின் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது காரின் கல் புள்ளிகளை நான் நல்ல சகுனமாகத்தான் பார்க்கிறேன், 1,12,000 ஓடிய பம்பரில் கல் படாமல் இருந்தால்தான் சந்தேகம். முதல் காரின் பளபளப்புக்குத்தான் கருவி வேண்டும்.

ஃபைலைப் படிக்கும்போது சர்வீஸ் புக்கில் இருக்கும் முத்திரைகளை நம்பி உட்காராதீர்கள், ஒரே பேனா, ஒரே சாய்வான கையெழுத்து, பத்து முத்திரை என்றால் ஒரே ராத்திரியில் போட்டிருக்கலாம். பில்லைப் பாருங்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள், அந்த எண்களை வருட வரிசையில் ஒரு தாளில் எழுதினால் சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மூன்று வருட இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள், வெளிநாடு போனேன், உடம்பு சரியில்லை என்று நேராகப் பதில் வந்தால் போதும். சேஸிஸ் நம்பர், பதிவுச் சான்றில் இருக்கும் பெயர், பாக்கிக் கடன், இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய வண்டியா என்பது எல்லாம் எந்த காருக்கும் பார்ப்பதுதான், இங்கேயும் பாருங்கள்.

இப்போது விலை. விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. அதே வருடம், அதே என்ஜின், அதே கியர் உள்ள கார்களை ஒரு ஆறு வாரம் கவனியுங்கள். எது சீக்கிரம் காணாமல் போகிறது, எது வாரா வாரம் இறங்கிக்கொண்டே அங்கேயே நிற்கிறது என்று பார்த்தால் நிஜ விலை எங்கே இருக்கிறது என்று பிடிபடும். அதன்பின் நீங்களே தேடிய மெக்கானிக், விற்பவருக்குத் தெரிந்தவர் அல்ல, இந்த மாடலைக் கையாண்டவர், அவரிடம் முழுச் சோதனை செய்து எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தக் கூலி உங்களுடையது. சோதனைக்கே விடமாட்டேன் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது, எவ்வளவு குறைத்தாலும்.

எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். டயர், பிரேக் பேட் மாதிரி தேய்ந்தே தீரும் சாமான்களில் பாதியை மட்டும் கேளுங்கள், பழைய கார் வாங்குகிறோம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டது, ஒழுகுகிற சீல், வெடித்த டாங்க், அரித்த கண்டென்சர், இவற்றை முழுவதும் கழியுங்கள். சத்தம் போட்டுப் பேரம் வேண்டாம், குறையாகச் சொல்லவும் வேண்டாம், நன்றாக வைத்திருக்கிறவருக்கு அது சுருக்கென்று குத்தும். தாளை மேசையில் வைத்து “இவ்வளவு வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்றால் போதும். சைலன்சர் மாற்றினேன், ஸ்ப்ரிங் இறக்கினேன் என்று அதற்கெல்லாம் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், கழற்றிய ஒரிஜினல் சாமானைப் பெட்டியில் வைத்திருந்தால் அதற்கு வேண்டுமானால் கொஞ்சம் கொடுக்கலாம்.

உங்கள் கணக்குக்கு வந்தால், 100 கேட்கும் காருக்கு டயர் நான்கு, எல்லா ஆயிலும், ஹோஸ்கள், பெல்ட், பிரேக், பேரிங்குக்காகக் கியர் பாக்ஸ் இறக்கும் கூலி, கழற்றியது கழற்றியதாக ஒரு கிளட்ச், இத்தனையும் முதல் வருடத்தில் காத்திருக்கிறது. அது 80-க்கு வந்தால்கூட நான் யோசிப்பேன். 80 கேட்கும் காரில் சோதனை சுத்தமாக வந்தால் 75, 76 சொல்லி ஆரம்பித்து, 78-இல் படிந்தால் கை குலுக்கிவிடுங்கள், இரண்டு புள்ளிக்காக நல்ல ஓனரின் காரை இழக்காதீர்கள். மிச்சம் 22 இருக்கிறதே, அதில் பாதியைத் தொடாமல் வையுங்கள், முதல் வருடம் ஏதாவது ஒன்று கேட்கத்தான் கேட்கும். இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், பலர் மறப்பது அதுதான்.

வேறு கார் தேடுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வியாதி உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 பழைய கார்களில் கதவுக்குக் கீழே ஓரப் பட்டைகள் துருப்பிடிக்கும். அதே மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-8-இல் பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி என்ஜின், அதைச் சூடாக இருக்கும்போது அணைத்து உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள், இழுத்தடித்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், போய்விட்டது, அதை அளக்க ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும். பிஎம்டபிள்யூ எம்3-இல் 2000 முதல் 2006 வரை வந்த இ46 என்கிற தலைமுறையை லிஃப்டில் ஏற்றி, பின் சஸ்பென்ஷன் சட்டம் காரின் அடித்தகட்டோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

தம்பி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டாவது கார்க்காரருக்கு போன் போட்டு அந்த கிளட்ச் பில்லை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பேரிங் வரி அதில் இருக்கிறதா, போட்டது எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.